கேதத்துக்கு முதல் ஆள்

கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பார்கள். காதுகுத்துக்கு அடிப்பார்கள், மொட்டைக்கு அடிப்பார்கள், புது மெஷின் பூஜைக்குக்கூட அடிப்பார்கள். சாவுக்கு யாரும் பத்திரிகை வைப்பதில்லை. கேதத்துக்கு ஆள் தானாகத்தான் வர வேண்டும். இந்த ஒரு சங்கதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் சட்டமன்றம் வரைக்கும் போனார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வேலம்பாளையத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே பாதி வீடுகளுக்கு மகுடேஸ்வரன் மாலையோடு வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

மகுடேஸ்வரன் குண்டடம் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர் மகன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் அவரைக் கைவிட்டது, அவர் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டார். பதினேழு வயதில் பஸ் ஏறி வேலம்பாளையம் வந்து, ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் துணி விரிக்கச் சேர்ந்தார். டேபிளுக்கு எதிர்ப்பக்கம் நின்று துணியின் மறுமுனையைப் பிடித்தவன் தங்கதுரை. இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டுப் போசியில் தின்றவர்கள், ஒரே பீடியை இழுத்தவர்கள். ஒரே பெண்ணைப் பார்த்துப் பல் இளித்து ஒரே நாளில் அடி வாங்கினார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

பிறகு தங்கதுரை சாயத் தொழிலுக்குப் போனான். மகுடேஸ்வரன் ஆறு தையல் மெஷினைப் போட்டுச் சொந்தமாக ஆரம்பித்தார். அவர் கம்பெனி பனியனுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று தங்கதுரை சொல்லிச் சிரிப்பான். சொந்தத் தொழில் தள்ளாடியதற்குக் காரணம் இருந்தது. முதலாளி கம்பெனியில் இருப்பதில்லை. யாராவது செத்த வீட்டில் நின்றுகொண்டிருப்பார்.

அதில் அவருக்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது. சும்மா வந்து மாலையைப் போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. பந்தல் கட்டவில்லையென்றால் மூங்கிலைத் தோளில் போடுவார். வரிசையில் நிற்கும் உறமுறைகளின் கையை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிடுவார். பத்திரிகை இல்லாத வீட்டுக்குத் தானாக வந்த மனுஷனை யார்தான் மறப்பார்கள்? கவுன்சிலர் ஆனார். அடுத்த முறை கட்சி எம்.எல்.ஏ. சீட்டுக் கொடுத்தது. எதிர்த்து நின்றவர் மூன்று நாள் பிரியாணி போட்டார். மகுடேஸ்வரன் அந்த மூன்று நாளில் ஏழு கேதத்துக்குப் போனார். ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார்.

சட்டமன்றத்தில் நாலு வருஷத்தில் நாலு முறை பேசினார். இரண்டு முறை பஸ் வேண்டும் என்று பேசினார். ஒரு முறை பஸ் வந்ததற்கு நன்றி சொன்னார். நாலாவது முறை மைக் வேலை செய்யவில்லை. ஆனால் தொகுதிக்குள் கேதம் ஒன்றையும் விட்டதில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர்கள், ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர், பூக்கடைக்காரர் என்று எல்லோரிடமும் அவர் நம்பர் இருந்தது. செத்தவரின் மகனுக்குத் தெரிவதற்கு முன்பே எம்.எல்.ஏ.வுக்குத் தெரியும் என்பார்கள். காரின் டிக்கியில் எந்நேரமும் நாலு ரோஜா மாலை ஈரத்துணியில் சுற்றிக் கிடக்கும். அதற்குத் தண்ணீர் தெளிப்பது டிரைவர் பூபாலன் வேலை. பூபாலன் ஐம்பது தாண்டிய ஆள், வாய் கொஞ்சம் நீளம்.

முதலில் கவனித்ததும் பூபாலன்தான்.

"ஏனுங்கண்ணா, ஸ்டியரிங்கை உட்டாலே வண்டி ஊசிக்காட்டுப்புதூருக்குத்தானுங்க போகுது. அந்த ஊருக்கு ஒரு மாலை தனியா எடுத்து வெச்சரட்டுங்களா?"

மகுடேஸ்வரன் சிரித்தார். ஊசிக்காட்டுப்புதூர் தொகுதியின் தெற்குக் கடைசியில் நூற்று நாற்பது வீட்டு ஊர். அவருடைய அக்கா பொன்னாத்தாளைக் கட்டிக்கொடுத்த ஊர். மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா மட்டும் மூன்று மாட்டோடும் பத்துத் தென்னையோடும் இருந்தாள். அந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு சாவு விழும். போன வருஷம் ஒன்பது. இந்த வருஷம் தை பிறந்து மாசி முடிவதற்குள் ஆறு.

எல்லாம் ஒரே மாதிரி. முதலில் கால் வீங்கும். பிறகு முகம் உப்பும். ஆஸ்பத்திரியில் கிட்னி என்பார்கள். ஊரில் வேறு சில சங்கதிகளும் நடந்தன. தென்னையில் குரும்பை உதிர்ந்தது. டீக்குப் பால் ஊற்றினால் திரிந்தது. பால்காரன் தண்ணி கலக்கிறான் என்று ஊரே சேர்ந்து பால்காரனை மாற்றியது. புதுப் பால்காரன் பாலும் திரிந்தது. அவனையும் மாற்றினார்கள்.

தண்ணீர் மட்டும் பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. குடத்தில் ஊற்றினால் ஓரத்தில் மெல்லிசாக நுரை நிற்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதனால் அதை யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகம் வேறொன்றின் மேல் விழுந்தது. ஒவ்வொரு சாவுக்கும் முன்னாலோ பின்னாலோ ஊருக்குள் வந்து நிற்கும் அந்த வெள்ளைக் காரின் மேல்.

அதை வாய்விட்டுச் சொன்னவள் தெய்வாத்தாள். அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி. தலைச்சுற்றல் என்று படுத்திருந்த அவள் மாமனார் ஒரு நாள் எம்.எல்.ஏ. காரின் சத்தம் கேட்டதும் கட்டிலை விட்டு எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டினார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க! நல்லா இருக்கறனுங்க! நீங்க போலாமுங்க!" என்று காரைப் பார்த்துக் கும்பிட்டார்.

பூபாலன் சிரித்துச் சிரித்து இருமினார். மகுடேஸ்வரனும் சிரித்தார். அதிலிருந்து பதினோராம் நாள் அந்தப் பெரியவருக்கு மாலை கொண்டுபோனபோது தெருவில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவரைப் பார்த்ததும் ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள். அடுத்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. அதற்கடுத்ததும். தெரு முழுக்கத் தாழ்ப்பாள் போடும் சத்தம் அவர் கூடவே நடந்து வந்தது.

பங்குனி முதல் வாரம் அந்த ஊரிலிருந்து மூன்று பேர் வேலம்பாளையம் ஆபீசுக்கு வந்தார்கள். தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை. முன்னால் நின்றவர் ராக்கையா, ஊரில் பெரிய மனுஷர், மகுடேஸ்வரனுக்குப் பங்காளி முறை.

"ஒரு விண்ணப்பமுங்க. தப்பா நெனைக்கக் கூடாதுங்க."

"சொல்லுங்கண்ணா. ரோடுங்களா, லைட்டுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க கொஞ்ச நாளைக்கு எங்க ஊருப் பக்கம் வராம இருந்தீங்கன்னா பெரிய ஒத்தாசையா இருக்குமுங்க. ஓட்டெல்லாம் உங்களுக்கேதானுங்க. அதுல ஒண்ணும் மாத்தமில்லீங்க."

பழத்தட்டு கொடுத்து 'வராதே' என்று சொல்லும் மரியாதை அந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் வரும். மகுடேஸ்வரன் தட்டை வாங்கிக்கொண்டார். அவர்கள் போன பிறகு ஒரு பழத்தை உரித்தார். பாதியில் கை நின்றது.

அந்த ஊரின் மேற்குக் கடைசியில் பன்னிரண்டு ஏக்கர் இடத்தில் நின்ற தகரக் கொட்டகை ஒன்று ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷம் முன்பு தங்கதுரையின் சாயப்பட்டறைக்குக் கழிவுநீர் விவகாரத்தில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அவன் ஊரை விட்டு ஒதுங்கி, துணி அலசும் வாஷிங் யூனிட் என்ற பேரில் கொட்டகை போட இடம் வாங்கினான். 'இப்பகுதி மக்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை' என்று எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் ஒரு கடிதம் வேண்டும் என்றான். மகுடேஸ்வரன் ஒரு கேதத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படிக்கவில்லை. கார் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அப்படி வாரத்துக்கு இருபது கடிதம் போடுகிறவர்தான். ஸ்கூல் சீட்டுக்கு, டிரான்ஸ்பருக்கு, கேஸ் கனெக்‌ஷனுக்கு. கேட்டவரிடம் இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வராது. எல்லோரும் புகழ்ந்த குணம் அது.

அன்றைக்கே கொட்டகைக்குப் போனார். தங்கதுரை வாய் நிறையச் சிரித்து வரவேற்றான்.

"வா மாப்ள! இங்க ஒருத்தரும் சாகலியே, எதுக்கு வந்தே?"

மகுடேஸ்வரன் கொட்டகைக்குப் பின்னால் நடந்தார். வேலி ஓரம் ஒரு போர்வெல். மோட்டார் இல்லை, கேபிள் இல்லை. கை கனத்துக்கு ஒரு குழாய் மட்டும் கொட்டகையிலிருந்து வந்து அதன் வாய்க்குள் இறங்கியது. காது கொடுத்தால் உள்ளே வெகு ஆழத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"என்னடா இது?"

"மழைநீர் சேகரிப்பு" என்றான் தங்கதுரை.

"மழை பேஞ்சு நாலு மாசமாச்சு."

"அதான் மாப்ள, மழைக்குப் பதிலா நாம சேகரிச்சுக்கிறோம்." சிரித்தான். சிரித்துக்கொண்டே தோளில் கை போட்டு ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போனான். சாமி படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், லேமினேஷன் போட்டு மாட்டியிருந்தது அந்தக் கடிதம். பச்சை மையில் மகுடேஸ்வரனின் கையெழுத்து வால் நீட்டிக் கிடந்தது.

"தெனமும் ஊதுபத்தி காட்டறேன். நீ எதுக்கும் கவலப்படாதே. வர்ற சித்திரைய உட்டு அடுத்த சித்திரையில எலெக்சன் வருது. உம்பேரு லிஸ்ட்டுல வரோணும்னா இப்ப வாயை மூடிட்டு இருக்கோணும். இது வெளிய போச்சுன்னா எம்பட கொட்டாய் போகும், நான் இன்னொண்ணு போட்டுக்குவேன். நீ என்ன போட்டுக்குவே?"

மகுடேஸ்வரன் வீட்டுக்கு வந்தார். நாளைக்கு அதிகாரிக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தார். நாளைக்கு என்பது சித்திரையானது, வைகாசியானது. சீட்டு உறுதியானதும் முதல் வேலை இதுதான் என்று சாமி அறையில் நின்று சொல்லிக்கொண்டார். சாமி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் செய்தார். பூபாலனிடம் கொடுத்து வாரம் ஆறு கேன் தண்ணீர் அக்காவுக்கு அனுப்பினார். அக்கா அதைப் பெருமையாக வாசலில் அடுக்கி வைத்தாள். எம்.எல்.ஏ. தம்பி அனுப்பின தண்ணீரை ஊர் பார்க்க வேண்டாமா? குடிக்க மட்டும் மாட்டாள். அதில் பிளாஸ்டிக் நாத்தம் அடிக்கிறது என்று மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். இது பூபாலனுக்குத் தெரியும். சொன்னால் எம்.எல்.ஏ. வருத்தப்படுவார் என்று சொல்லவில்லை. ஊசிக்காட்டுப்புதூரில் அந்த மூன்று மாடுகள் மட்டும் தெம்பாக இருந்தன.

ஆடிக்குள் இன்னும் ஐந்து பேர் போனார்கள். முதல் நாலு கேதத்துக்கும், வரவேண்டாம் என்று சொல்லியும், மகுடேஸ்வரன் மாலையோடு போய் வந்தார். ஐந்தாவது ஆள் ராக்கையா. மகுடேஸ்வரன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கேதத்துக்குப் போகவில்லை. வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரின் கேதம் ஆயிற்றே என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவர் அன்றைக்கு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூபாலன் டிக்கியிலிருந்த மாலையை எடுத்துக் குப்பையில் போட்டார்.

ஆவணி மூன்றாம் நாள் காலை அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, செருப்புக் காலுக்குள்ள போகமாட்டேங்குது. வேற சைசு வாங்கியாரியா?"

மகுடேஸ்வரன் செருப்பு வாங்கவில்லை. நேராக ஊசிக்காட்டுப்புதூருக்குக் காரை விடச் சொன்னார். அக்காவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும், திருப்பூரில் டாக்டரிடம் காட்ட வேண்டும், அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் அவர் மனசு போகவில்லை. போக விடவில்லை.

கார் ஊருக்குள் நுழைந்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. அக்கா வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. பொன்னாத்தாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் கொழுக்கட்டை மாதிரி பளபளத்தன. கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. அவர் அந்த முகத்தை இதற்கு முன் பத்து இருபது ஐஸ் பெட்டிக்குள் பார்த்திருக்கிறார்.

"அக்கா, கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வந்ததும் வராததுமா என்ன பறக்கறே? உக்காரு." உள்ளே போய்ப் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "மொதல்ல தண்ணி குடி."

"இப்பத்தாங்கா வண்டியில குடிச்சேன்."

"வண்டியில குடிச்சா? வண்டி உம்பட அக்காளா? குடி சாமி."

சொம்பை வாங்கினார். ஓரத்தில் மெல்லிசாக நுரை வட்டம் கட்டி நின்றது. வாய் வரைக்கும் கொண்டுபோனார். கீழே வைத்தார்.

பொன்னாத்தாள் சொம்பைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"நாலு வருசமா இந்த ஊருக்குள்ள எத்தன தடவ வந்திருப்பே. இப்பக் கொஞ்ச நாளா எங்கூட்ல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. கேதத்துக்கு வந்தவன் கை நனைக்கக் கூடாதுன்னு நானும் உட்டுட்டேன். இன்னைக்கு யாரும் சாகலியே தம்பி?"

மகுடேஸ்வரன் அவள் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தார்.

"கேன் எதுக்கு அனுப்புனே?"

"அக்கா, மொதல்ல வண்டியில ஏறு."

"எதுக்கு அனுப்புனேன்னு கேட்டேன்."

"தண்ணி... செரியில்லைக்கா. அந்தத் தகரக் கொட்டாய்க்காரன் சாயக் கழிவப் போருக்குள்ள எறக்கறான்."

"யாரு, நம்ம தங்கதுரையா? எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

"பங்குனியில இருந்து."

பொன்னாத்தாள் கையை விரித்தாள். கட்டைவிரலை மடக்கினாள். "சித்திரையில வேலாத்தா." அடுத்த இரண்டு விரலை மடக்கினாள். "அப்பறம் தோட்டத்துச் சின்னப்பன். அவம் பொண்டாட்டி." இரண்டு விரல் மீதி இருந்தது. "மூலைவூட்டு ரங்கசாமி. ராக்கையாண்ணன்." விரல்கள் முடிந்துபோன கையை மூடியபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையால் சொம்பை எடுத்து வாசலில் ஊற்றினாள். சிமெண்டுத் தரையில் நுரை கொஞ்ச நேரம் கிடந்து அடங்கியது.

"அக்கா, நாஞ் சொல்றதக் கேளு. சித்திரை எலெக்சன் வரைக்கும்..."

அவள் கேட்கவில்லை. வீங்கின காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் படி இறங்கினாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"தெய்வாத்தா! கதவத் தொற! வண்டியப் பார்த்துப் பயப்படாத, தொற!"

"அக்கா, அவகிட்டச் சொல்லாதே. அவகிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

"அதுக்குத்தாண்டா சொல்லப் போறேன்" என்றாள் பொன்னாத்தாள் திரும்பாமல்.

கதவு திறந்தது. அவள் உள்ளே போனாள். மகுடேஸ்வரன் காரில் ஏறி உட்கார்ந்தார். பாக்கெட்டில் போன் அடித்தது. தங்கதுரை. எடுக்கவில்லை. பூபாலன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"போலாங்களாண்ணா?"

"அக்கா வரட்டும்."

காத்திருந்தார்கள். அழுகைச் சத்தமோ கூச்சலோ வரும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் வரவில்லை. தாழ்ப்பாள் விலகும் சத்தம் ஒன்று கேட்டது. பக்கத்து வீட்டில் இன்னொன்று. தெரு நெடுக ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனது. மாதக்கணக்காக அவரைப் பார்த்துச் சாத்திய கதவுகள்.

பெண்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சொம்பு. சிலரிடம் டம்ளர். சின்னப்பன் மகள் எவர்சில்வர் போசியில் தளும்பத் தளும்பக் கொண்டுவந்தாள். யாரும் ஓடவில்லை. காரைச் சுற்றி, முன்னாலும் பின்னாலும், வரிசையாக வந்து நின்றார்கள். தெய்வாத்தாள் கார் ஜன்னலருகே வந்து குனிந்தாள்.

"எறங்குங்க சாமி. இத்தன தூரம் வந்துட்டுத் தண்ணி குடிக்காமப் போனா எங்களுக்குக் கொறை இல்லீங்களா?"

"எம்படது கொஞ்சம் குடிங்க" என்றாள் இன்னொருத்தி.

"எங்கூட்ல இன்னைக்குத்தான் இறைச்சதுங்க. குளுகுளுன்னு இருக்குதுங்க."

"ஒரு முழுங்கு போதுமுங்க."

எல்லாக் குரலிலும் மரியாதை. ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை. மகுடேஸ்வரன் கதவைத் திறந்து இறங்கினார். அத்தனை கேதத்தில் நின்றவருக்கு இந்த மாதிரி அமைதி பழக்கமில்லை.

"குடிக்காதீங்க. யாரும் குடிக்காதீங்க. அந்தக் கொட்டாய்க்கு லெட்டர் குடுத்தது நாந்தேன். உங்களுக்கெல்லாம் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன். படிக்காமக் கையெழுத்துப் போட்டேன். பொறவு தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல. இன்னைக்கே கலெக்டர் ஆபீசுக்குப் போறேன். எம்பட பேரு போனாலும் போகுது, எழுதிக் குடுத்துடறேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. இனி யாராவது திட்டுவார்கள், ஒருத்தி மண்ணை வாரி வீசுவாள், அதோடு வழி விடுவார்கள் என்று நினைத்தார். யாரும் திட்டவில்லை. சின்னப்பன் மகள் மட்டும் போசியோடு ஓரடி முன்னால் வந்தாள். தண்ணீர் விளிம்பில் வழிந்து அவள் மணிக்கட்டில் ஓடியது.

"உள்ளதச் சொல்லிட்டீங்க. சந்தோசமுங்க" என்றாள் தெய்வாத்தாள். சொம்பை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நீட்டினாள். "போய் எழுதிக் குடுங்க. அதுக்கு முன்னால தண்ணி குடிங்க. நாங்க அஞ்சு மாசமாக் குடிச்சமில்லீங்களா."

மகுடேஸ்வரன் கூட்டத்தில் அக்காவைத் தேடினார். கண்டுபிடித்தார். பொன்னாத்தாள் இரண்டாவது வரிசையில், தெய்வாத்தாள் வீட்டுச் சொம்பு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூபாலன் என்ஜினை அணைத்தார்.

மகுடேஸ்வரன் கையை நீட்டினார்.